பழைய ஜி.ஐ. லைனைத் தூக்கிட்டு எந்த பைப் போடறது?

கேள்வி – 2023 மார்ச் 4

அம்பத்தூர்ல 1991ல கட்டின வீடு, கீழ மேல ரெண்டு போர்ஷன், எல்லாம் சுவத்துக்குள்ள போற ஜி.ஐ. இரும்பு பைப். மேல் பாத்ரூம்ல தண்ணி நூல் மாதிரி வருது, காலைல முதல் பக்கெட் டீ கலர்ல இருக்கு. பிளம்பர் பசை போட்டு ஒட்டற சிபிவிசி பிளாஸ்டிக்குங்கறார், மச்சான் சூடு காட்டி ஒட்டற பிபிஆர் பிளாஸ்டிக்தான் லேட்டஸ்ட்டுங்கறான், அப்பா திரும்ப ஜி.ஐ.யே போடு, பிளாஸ்டிக்கெல்லாம் வீட்டுக்கு ஆகாதுங்கறார். எதைப் போட்டா இன்னொரு தடவை சுவத்தை உடைக்க வேண்டியிருக்காது?

2023 மார்ச் 5

சிபிவிசி போடுங்க. யோசிக்கவே வேண்டாம்.

எங்க வீடு குரோம்பேட்டை, 1987ல கட்டினது. போர் தண்ணி உப்பு, பக்கெட் காஞ்சா வெள்ளை வெள்ளையா கோலம் போட்டிருக்கும். போன நவம்பர்ல மேல் மாடி லைன் முழுக்க மாத்திட்டேன், கீழ இன்னும் பழசுதான் ஓடிக்கிட்டிருக்கு. கழட்டின அரை இஞ்ச் பைப்புல ஒரு சாண் நீளத்துக்கு துண்டு அறுத்து எடுத்து வெச்சிருக்கேன், பேனா ஸ்டாண்டா ஆக்கிக்கலாம்னு. பேனா உள்ள போகல. ரீஃபில் போகுது. அந்த ஓட்டை வழியாத்தான் இத்தனை வருஷம் குளிச்சிருக்கோம்.

ஜி.ஐ.ன்னா இரும்பு மேல துத்தநாகப் பூச்சு, அவ்வளவுதான் விஷயம். அந்தப் பூச்சு தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும், அது தீர்ந்துட்டா இரும்பு தனியா மாட்டிக்கும். துரு வந்தா இரும்பு இருந்த இடத்தை விட ஜாஸ்தி இடம் பிடிக்கும், அது உள்பக்கமா மேடு மேடா வளர்ந்து கூடவே உப்பும் ஒட்டிக்கிட்டா ரத்தக்குழாய் அடைப்பு மாதிரிதான். இதுல பிளம்பர் டைஸ் போட்டு மரை வெட்டற இடத்துல பூச்சும் போயிடுது, பைப் கனமும் பாதியாயிடுது, அதனாலதான் ஓட்டை விழறதெல்லாம் வளைவுல போடற எல்போ பக்கத்துலயும் மூணு பக்கம் பிரியற டீ ஜாயிண்ட் பக்கத்துலயுமே விழுது, நட்டநடு பைப்புல விழுந்து நான் பார்த்ததில்ல.

வெள்ளை யுபிவிசி, அதாவது சாதா பிவிசி பைப், பச்சைத் தண்ணிக்கு மட்டும். கீசர் பக்கம் கொண்டுபோகாதீங்க, 60 டிகிரி தாண்டினா தளர்ந்துடும். பக்கத்து வீட்ல காசு மிச்சம் பிடிக்கறேன்னு கீசர் அவுட்லெட்ல அதைப் போட்டு, ஆறு மாசத்துல பைப் வெந்த சேமியா மாதிரி தொங்கிச்சு. சிபிவிசி 93 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பான். நான் இருந்தாலும் கீசர்ல இருந்து முதல் ஒண்ணரை அடிக்கு ஸ்டீல் ஹோஸ்தான் போட்டிருக்கேன், தெர்மோஸ்டாட் என்னிக்கு பழுதாகும்னு யாருக்குத் தெரியும்.

2023 மார்ச் 5, ராத்திரி

பிளாஸ்டிக் வீட்டுக்கு ஆகாதுங்கற அப்பாக்கள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. மாடில தண்ணி எதுல நிக்குது? எங்கப்பாகிட்ட கேட்டேன். "அது டேங்க், இது பைப்"னுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

2023 மார்ச் 7

செம்பு பத்தி கேட்டிருக்கீங்க. சிங்கப்பூர்ல இருக்கற எங்க சித்தப்பாவும் இதையேதான் சொல்வார், அங்க அவங்க ஃபிளாட்ல சுடுதண்ணி லைன் செம்புதான், அருமையான பைப், சந்தேகமே இல்ல. ஆனா குரோம்பேட்டைல செம்பு பத்தவைக்க ஏசி மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும், அவர் மே மாசம் போனையே எடுக்க மாட்டார். வெளி சுவத்துல போட்டா பைப் உங்க வீட்ல இருக்குமா காயலான் கடைல இருக்குமாங்கறது அடுத்த கேள்வி. அதோட பாதி லைன் பழைய ஜி.ஐ.யா இருந்து அதுக்கு முன்னாடி செம்பு போட்டீங்கன்னா, செம்புல பட்டு வர்ற தண்ணி ஜி.ஐ.யை இன்னும் சீக்கிரமா அரிச்சுடும். மாத்தினா முழுசா மாத்தணும்.

2023 மார்ச் 12

ஒரு திருத்தம். யாரோ ஒருத்தருக்கு "மஞ்சள் கலரா இருந்தா சிபிவிசி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க"ன்னு எழுதிட்டேன். கண்ணைத் திறந்துக்கிட்டே வாங்குங்க. கலரை யார் வேணா போடலாம், பைப் மேல இருக்கற பிரிண்ட்டைப் படிக்கணும். சிபிவிசின்னா ஐ.எஸ். 15778னு இந்தியத் தர நம்பர் இருக்கணும், பக்கத்துல எஸ்டிஆர் 11ஆ 13.5ஆன்னு இருக்கும், வெளியளவு பைப் கனத்தைப் போல எத்தனை மடங்குங்கற கணக்கு அது. நம்பர் கம்மியானா கனம் ஜாஸ்தி, இது தலைகீழ், நானே மொதல்ல தப்பா நினைச்சு 13.5தான் உசத்தின்னு கேட்டு வாங்கப் பார்த்தேன், கடைக்காரப் பையன் சிரிச்சான். சுடுதண்ணிக்கு 11 போட்டுக்கங்க. 11னா 82 டிகிரிலயும் சதுர செ.மீ.க்கு 7 கிலோ தாங்கும், பச்சைத் தண்ணில 28 கிலோ. நம்ம மொட்டைமாடி டேங்க் குடுக்கறது அரைக் கிலோ கூட இருக்காது.

பிவிசில ஈயம் கலக்கறாங்களேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான பயம். பிளாஸ்டிக் சூட்டுல கெடாம இருக்க ஸ்டெபிலைசரா ஈய உப்பு சேர்க்கற பழக்கம் இங்க ரொம்ப நாளா இருந்துச்சு, அதை நிறுத்தறதுக்கு 2021ல மத்திய அரசு தனியா விதியே போட்டிருக்கு. லெட் ஃப்ரீன்னு பிரிண்ட் பண்ணினதா பார்த்து வாங்குங்க, குடிக்கற தண்ணி லைனுக்கு லோக்கல் சரக்கு வேண்டாம்.

2023 ஏப்ரல் 2

சரி, ஒப்புத்துக்கறேன். மார்ச்ல அவ்வளவு சவடால் விட்டேனே, அந்த மேல் மாடி லைன்ல ஷவர் சரியா வரல. இத்தனை நாளா ஷவர் தலைல உப்பு அடைச்சிருக்கு, டேங்க்ல தண்ணி கம்மி, ஏர் லாக்குன்னு ஒவ்வொரு சாக்கா சொல்லிக்கிட்டிருந்தேன். வீட்டம்மா "பழைய துருப்பிடிச்ச பைப்ல இதை விட நல்லா வந்துச்சு"ன்னு சொன்னப்ப ரோஷம் வந்து, மிச்சம் கிடந்த துண்டை எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்தேன்.

அரை இஞ்ச் ஜி.ஐ. பி கிளாஸ், அதாவது நடுத்தரக் கனம், நீலக் கோடு போட்டது, புதுசா உள்ளளவு 16 மி.மீ. அரை இஞ்ச் சிபிவிசி எஸ்டிஆர் 11க்கு உள்ளளவு 12 சொச்சம்தான். ரெண்டுக்கும் பேர் அரை இஞ்ச்! வட்டத்தோட பரப்புன்னு கணக்குப் போட்டா சிபிவிசில கிடைக்கறது ஜி.ஐ.ல பாதியை விடக் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தக் கனமான பைப் வேணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன். பிளம்பர் "பழசு என்ன சைஸோ அதே சைஸ்"னு சொன்னப்ப தலையாட்டினதும் நான்தான்.

இதுல டேங்க் அடிக்கும் ஷவர் தலைக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் உயரம், அதாவது சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ, அவ்வளவுதான் அழுத்தம். 28 கிலோ தாங்கற பைப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, தள்ளறதுக்கு ஆள் இல்லையே. இவ்வளவு கம்மி அழுத்தத்துல பைப் பலத்தை விட ஓட்டைதான் முக்கியம். டேங்க்ல இருந்து இறங்கற மெயின் ஒண்ணே கால் இஞ்ச், பாத்ரூம் சுத்தி வர்றது முக்கால், குழாய்க்குத் திரும்பற கடைசி துண்டு மட்டும் அரை, இப்படித்தான் போட்டிருக்கணும். முக்கால் சிபிவிசிக்கு உள்ளளவு 18, அதுதான் பழைய அரை இஞ்ச் ஜி.ஐ.க்கு சரியான மாற்று. எல்போவையும் எண்ணிப் பாருங்க, என் பாத்ரூம்ல டைல்ஸை உடைக்காம வளைச்சு வளைச்சு கொண்டுபோனதுல டேங்க்ல இருந்து ஷவர் வரைக்கும் 11 எல்போ.

அம்பத்தூர் நண்பர் இன்னும் வேலை ஆரம்பிக்கலைன்னா தயவுசெஞ்சு என் மொத பதிவை இதோட சேர்த்துப் படிங்க.

2023 ஏப்ரல் 3

பிரஷர் பம்ப் போட்டா சரியாயிடாதான்னு கேட்டவருக்கு: புது லைன்ல போடலாம், எனக்கும் கடைசில அதுதான் கதி போல. பழைய ஜி.ஐ.ல போடாதீங்க. 35 வருஷமா அரைக் கிலோ அழுத்தத்துல, துருவே அடைப்பா இருந்து ஓட்டையை மூடிக்கிட்டு நிக்கற பைப் அது. அதுல ரெண்டு கிலோ ஏத்தினா எந்த சுவத்துல ஊத்து கிளம்பும்னு சொல்ல முடியாது.

2023 ஜூன் 18

கீழ் போர்ஷன் வேலை முடிஞ்சது. பிளம்பர் நாலு நாள்னு சொன்னார், ஒன்பது நாள். சுவத்துல காடி அடிக்கற மெஷின் தூசி சாமி ரூம் விளக்கு வரைக்கும் படிஞ்சிருக்கு. பழைய பைப்பை சுவத்துல இருந்து பேர்த்து எடுக்கல, ரெண்டு முனையும் அறுத்து பிளக் பண்ணி அப்படியே விட்டுட்டோம், பேர்த்தா செங்கல் பாதி கூடவே வந்துடும். இந்தத் தடவை மெயின் ஒண்ணே கால், ரூம் முக்கால். அப்பா ஒவ்வொரு ஜாயிண்ட்டா கிட்ட போய் முகர்ந்து பார்த்தார், பைப் ஒட்டற சொல்யூஷன் வாசனை தண்ணில வரும்னு. ரெண்டு நாள் திறந்துவிட்டு ஓட்டினதும் போயிடுச்சு.

இதை விட முக்கியமானது ஒண்ணு, இதை யாருமே எனக்கு முன்கூட்டி சொல்லல. மூணாவது நாள் வாஷிங் மெஷினைத் தொட்டா சுருக்குன்னுது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், போர்டுல இருந்து எர்த் ஒயர் எங்க போகுதுன்னு தேடினா, நேரா போய் பழைய ஜி.ஐ. பைப்புல கிளாம்ப் போட்டு சுத்தியிருக்கு. அந்தக் காலத்துல நிறைய வீட்ல இப்படித்தான், தண்ணி பைப்தான் எர்த். நடுவுல அறுத்து பிளாஸ்டிக் போட்டதும் வீடு முழுக்க எர்த் இல்லாம போச்சு. கீசர் இருக்கற வீடு. நினைச்சா இன்னும் வயிறு கலங்குது. வெளில குழி தோண்டி தனி எர்த் போட்டு, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபியும் மாட்டினேன். ஜி.ஐ. கழட்டறவங்க பிளம்பருக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

2023 ஜூன் 25

புது லைன் ஒழுகுதான்னு டெஸ்ட் பண்ணீங்களான்னு கேட்டீங்க. பண்ணினோம்னுதான் பிளம்பர் சொன்னார். "டேங்க்ல தண்ணி விட்டு ராத்திரி முழுக்க வெச்சேன் சார், ஒரு சொட்டு இல்ல." அது டெஸ்ட் இல்ல. கையால அடிக்கற டெஸ்டிங் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும், அழுத்தம் காட்டற கேஜோட வரும், லைனை அடைச்சு 7 கிலோ வரை ஏத்தி ஒரு ரெண்டு மணி நேரம் முள் இறங்குதான்னு பார்க்கணும். பூசறதுக்கு முன்னாடி. எனக்கு இது தெரிஞ்சது பூசி டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம். பார்ப்போம்.

2023 செப்டம்பர் 9

பார்த்தாச்சு. கிச்சன் சிங்க்குக்குப் பின்னாடி ஹால் சுவத்துல பெயிண்ட் உப்பிக்கிட்டு வருது.

2023 செப்டம்பர் 10

உடைச்சுப் பார்த்தோம். பைப்புக்கு ஒண்ணும் ஆகல. பித்தளைக் குழாயை மாட்ட சுவத்துக்குள்ள வெக்கற எல்போ இருக்கே, அதுல முழு பிளாஸ்டிக் மரை இருக்கறதை பிளம்பர் போட்டிருக்கார், உள்ள பித்தளை பதிச்சது போடல. அதுல பழைய பழக்கத்துல சணல் நூலை கெட்டியா சுத்தி, மேல ஒயிட் லெட் பேஸ்ட் தடவி, ரிஞ்ச் போட்டு முறுக்கியிருக்கார். இரும்புல அப்படித்தான் பண்ணணும், இரும்பு தாங்கும். பிளாஸ்டிக் மரை அன்னிக்கே மயிரிழை விரிசல் விட்டிருக்கு, மூணு மாசம் கழிச்சு அது வாயைத் திறந்திருக்கு. டெஃப்லான் டேப் சுத்தி, கையால இறுக்கி, அதுக்கு மேல ஒரு சுத்து, ரொம்பப் போனா ஒண்ணரை. அவ்வளவுதான் வேணும்.

அவர்கிட்ட கோவமா பேசினேன், பேசியிருக்க வேண்டாம்னு இப்ப தோணுது. முப்பது வருஷம் ஜி.ஐ.ல மரை வெட்டி சாப்பிட்ட மனுஷன். ஒரு ஜாயிண்ட்டைப் பார்த்ததுமே "கை பழகிடுச்சு சார்"னு அவரே சொல்லிட்டு, காசு வாங்காம சரிபண்ணிக் குடுத்துட்டுப் போனார். பித்தளை பதிச்ச எல்போவுக்கும் பிளாஸ்டிக் எல்போவுக்கும் விலை வித்தியாசம் நூத்துச் சில்லறை, அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொன்னதும் யாருன்னு கேட்டா நான் பேச்சை மாத்திடுவேன்.

இன்னொண்ணும் அன்னிக்குக் கண்ணுல பட்டுச்சு. ரெண்டு ஜாயிண்ட்ல சாதா பிவிசி சொல்யூஷன் போட்டிருக்கார், சிபிவிசிக்கு அதுக்கான சொல்யூஷன்தான் போடணும். இப்போதைக்கு ஒழுகல. சொருகும்போது கால் சுத்து திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், இல்லைன்னா பைப் தானா பின்னாடி தள்ளிக்கிட்டு வரும். சொல்யூஷனை வழிய வழிய அப்பினா மிச்சம் உள்ள ஒழுகிப் போய் பைப்பையே இளக்கும்.

2023 டிசம்பர் 17

மிக்ஜாம் புயல் மழைல தெருத் தண்ணி சம்ப்புக்குள்ள வந்துடுச்சு. இறைச்சு, தேய்ச்சு, பிளீச்சிங் பவுடர் கரைச்சு லைன் முழுக்க ஓட்டி ஒரு நாள் வெச்சிருந்து வெளியேத்தினோம். இந்த விஷயத்துல சிபிவிசிக்கு ஒரு மார்க் குடுக்கலாம், குளோரின் ஏத்தின பிவிசிதானே அது, குளோரினுக்கு அசையறதில்ல. பாலிஎத்திலீன், பிபிஆர் வகையெல்லாம் சுடுதண்ணியும் குளோரினும் சேர்ந்தா வருஷக்கணக்குல மெல்ல முறுமுறுன்னு ஆகும்னு சொல்வாங்க. ஒரு நாள் பிளீச்சிங்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க.

பழைய ஜி.ஐ.யா இருந்தா இந்நேரம் ஒரு மாசத்துக்கு சிவப்புத் தண்ணிதான்.

2024 மார்ச் 3

பிபிஆர் பத்தி நான் சரியா எதுவுமே சொல்லலைன்னு மச்சான் கட்சி ரொம்ப நாளா குறைப்பட்டுக்கிட்டிருந்தது. கோயம்புத்தூர்ல மாமா பையன் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன், அங்க முழுக்க பச்சை பிபிஆர். வேலை நடக்கும்போது வேற ரூம்ல பார்த்தேன், அழகா இருக்கு. மெஷின்ல 260 டிகிரி, 20 மி.மீ. பைப்புக்கு 5 செகண்ட் காட்டி, ரெண்டையும் நேரா சொருகிப் பிடிச்சா பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே உடம்பாயிடுது. சொல்யூஷன் இல்ல, நூல் இல்ல. ஜாயிண்ட்ல இதை அடிக்க ஆள் இல்லைன்னு ஒத்துக்கறேன்.

ஆனா 5 செகண்ட்ங்கறது 5 செகண்ட். அந்தப் பையன் ஒரு கைல செல்போன் பேசிக்கிட்டு பத்து செகண்ட் காட்டினான், உருகினது உள்பக்கமா மோதிரம் மாதிரி திரண்டு பாதி ஓட்டையை மூடிடுச்சு. அதை வெளில இருந்து யாரும் பார்க்க முடியாது. 20ங்கறதும் வெளியளவு, கனமான பைப்ல உள்ள 13தான், ஏப்ரல் பதிவு இங்கயும் பொருந்தும். சூட்டுக்கு நீள்றதும் ஜாஸ்தி. மூணு மீட்டர் பைப்ல பச்சைத் தண்ணி போய் சுடுதண்ணி வந்து 40 டிகிரி ஏறினா சிபிவிசி 8 மி.மீ. நீளும், பிபிஆர் 18 மி.மீ. சுவத்துக்குள்ள பூசிட்டா தெரியாது, பைப் இறங்கற ஷாஃப்ட்ல கிளாம்ப் போட்டு ஓபனா போனா பாம்பு மாதிரி நெளிஞ்சு நிக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு உடைஞ்சா என்ன பண்றதுங்கறது இன்னொரு கேள்வி. எங்க தெரு முனைல சிபிவிசி கப்ளிங்கும் சொல்யூஷனும் கிடைக்கும், நானே ஒட்டிடுவேன். பிபிஆர்னா மெஷின்காரர் வரணும், கரண்ட் இருக்கணும்.

அங்கயே இன்னொரு வேடிக்கை. பக்கத்துலயே பெரிய மாமா வீடு, 1979, இன்னும் அதே ஜி.ஐ., அதே குழாய், தண்ணி கொட்டுது. ஒரு எல்போவைக் கழட்டிக் காட்டச் சொன்னேன், உள்ள லேசா காவி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உப்பு கம்மியான சிறுவாணித் தண்ணி. என் மொத பதிவுல ஜி.ஐ.யை அந்தத் திட்டு திட்டினேனே, திட்டியிருக்க வேண்டியது எங்க போரைத்தானோ என்னவோ.

2024 ஆகஸ்ட் 11

அம்பத்தூர் நண்பர் வேலையை முடிச்சுட்டதா எழுதியிருக்கார், மெயின் ஒண்ணே கால், பித்தளை எல்போ, டெஸ்டிங் பம்ப், எர்த்தும் பார்த்துட்டாராம். சந்தோஷம், என் காசுல டியூஷன் எடுத்த மாதிரி ஆச்சு. மொட்டைமாடி வெள்ளை பைப்பை வெயில்ல அப்படியே விட்டிருக்கார்னு போட்டோல தெரியுது. சார், தண்ணில கரைக்கற வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடிச்சுடுங்க. எங்க மாடில ரெண்டு வெயில்லயே சுண்ணாம்பு மாதிரி பொடி உதிர ஆரம்பிச்சது, அப்புறம் அணில் வேற கடிச்சுப் பார்த்துட்டுப் போச்சு. ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதோட தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

இன்னிக்கு வீட்டு வாசல் குழாய்க்கு வேலை. போன மாசம் யாரோ பைக் ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சு, தரைல இருந்து நிக்கற ரெண்டடி சிபிவிசி துண்டு படக்குன்னு முறிஞ்சு தெரு முழுக்க தண்ணி. அப்பா எதுவும் சொல்லல. பரண்ல இருந்து ஒரு முழு நீள ஜி.ஐ. பைப்பை இறக்கினார், சிவப்புக் கோடு, சி கிளாஸ், இருக்கறதுலயே கனமானது, 1987ல மிஞ்சினதாம், இத்தனை வருஷம் பேப்பர் சுத்தி வெச்சிருக்கார். அதுல ரெண்டடி அறுத்து மரை வெட்டணும். டைஸ் வெச்சிருக்கற பிளம்பர் இப்ப தேடினாலும் கிடைக்கறதில்ல, அந்தப் பழைய ஆளுக்கே போன் பண்ணினேன். எட்டு மணிக்கு வர்றேன்னார், மணி இப்ப பத்தே முக்கால். அப்பா சணல் நூலை பிரிச்சு வெச்சுக்கிட்டு திண்ணைல உக்காந்திருக்கார்.